ஒரே நடை

லொறிக் கூலி மூன்றாவது தடவையும் ஏறியபோது, வம்மியடியில் தயிர் போடும் பன்னிரண்டு வீட்டாரும் கேதீஸ்வரியின் முற்றத்தில் வந்து குந்தினார்கள்.

வம்மியடி, அகன்ற வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஊர். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் வயல் வட்டை முழுவதும் எருமைகளுக்குத் திறந்துவிடப்படும். ஆவணி, புரட்டாதி இரண்டு மாதமும் பால் கொட்டும். ஐப்பசியில் விதைப்புத் தொடங்கினால் மாடுகளைத் தூரத்து மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், பால் சுருங்கிவிடும். ஆகவே புரட்டாதி முடிவதற்குள் உழைத்தால்தான் உண்டு. பன்னிரண்டு வீட்டுத் தயிரும் மண்முட்டிகளில் உறைந்து, வாயில் கடதாசி கட்டி, வைக்கோல் மெத்தையில் கொழும்புக்குப் போகும்.

கொண்டுபோகிற லொறி டவுனிலிருந்து வெறுமையாக வரும். வாவிப் பாலத்தைச் சுற்றி, கிறவல் றோட்டுக் குழிகளில் ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி வந்து ஏற்றிக்கொண்டு, அதே வழியால் ஆடி ஆடிப் போகும். வெறுமையாக வந்த ஓட்டத்துக்கும் கூலி இவர்கள்தான் கொடுக்க வேண்டும். றோட்டில் உடைகிற முட்டிக்கு லொறிக்காரன் பொறுப்பில்லை.

“இவ்வளவு கூலியையும் குடுத்துப்போட்டு நாம என்னத்தத் தின்னுற?” என்றாள் ஒருத்தி.

“மாட்ட வித்துப்போட்டு கட்டாருக்குப் போற,” என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கட்டாரில் ஓர் ஆள் இருந்தது.

கேதீஸ்வரிதான் அந்தக் குழுவுக்குத் தலைவி. நாற்பத்திரண்டு வயது. கொழும்புக் கடைக்காரரோடு போனில் சிங்களத்தில் வாயாடக் கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய புருஷன் நல்லரத்தினம் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டான். எருமைகளோடு பேசுகிற அளவுக்கு மனிதரோடு அவன் பேசியதில்லை.

“ஒரு கிழமை பொறுங்க,” என்றாள் கேதீஸ்வரி. “நான் ஒரு வழி பாக்கன்.”

வழி காத்தான்குடியில் கிடைத்தது. சேலை வாங்கப் போனவள், கடை வாசலில் ஒரு லொறியிலிருந்து துணிக் கட்டுகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கட்டு இறங்கும் வரையில் நின்றாள். பிறகு, லொறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த ஆளிடம் போனாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தொப்பி போட்டிருந்தான். லொறி அவனுடையதுதான். பெயர் ஜிப்ரி.

“தம்பி, கொழும்புக்குத் திரும்பிப் போகக்க என்னத்த ஏத்துற?”

“காத்தத்தான் ஏத்துற அக்கா,” என்று சிரித்தான் அவன். “வரக்க துணி, போகக்க காத்து. எண்ணெய்க்காசி மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.”

“தயிர் ஏத்துவீங்களா?”

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். துணி ஏற்றுகிற லொறியில் தயிர் கொட்டினால் வாடை போகாதே என்றான். கொட்டாது, மரத் தட்டு அடித்து அடுக்கித் தருவோம் என்றாள் அவள். பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத பிளேன்ரீ வந்தது. அரை மணித்தியாலம் பேசியதில், பழைய கூலியில் பாதிக்குச் சம்மதித்தான்.

“ஒண்டு செல்லுறன் அக்கா. படுவான்கரைக்கு நான் வரமாட்டன். அந்த றோட்டுல என்ட டயர் போயிரும். நீங்க பெரிய றோட்டுக்குக் கொண்டு வாங்க. தில்லந்துறைச் சந்தியில ஒரு மணிக்கு நிண்டா ஏத்துவன்.”

ஒரு மணிக்கு நின்றால் ஏற்றுவான். நிற்காவிட்டால் போய்விடுவான். கேதீஸ்வரி அப்படித்தான் அதை விளங்கிக்கொண்டாள்.

தில்லந்துறை, வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கிறது. வம்மியடித் துறையிலிருந்து பாதையில் ஏறினால் இருபது நிமிடம். பாதை என்றால் இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்த மிதவை. பின்னால் ஓர் எஞ்சின். ஓட்டுகிறவர் கதிர்காமத்தம்பி. பத்துப் பேர், இரண்டு மோட்டார் சைக்கிள், நெருக்கினால் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் இழுவைப் பெட்டி. அதுதான் அதன் கொள்ளளவு.

“தண்ணியில கொண்டுபோற சாமானா இது?” என்றான் நல்லரத்தினம், அவள் வந்து விசயத்தைச் சொன்ன அன்று. அவனுக்கு நீச்சல் தெரியாது. எருமை குளத்தில் இறங்கினால் கரையில் நின்றுதான் கூப்பிடுவான்.

“றோட்டுல போனா மட்டும் உடையல்லையா?”

“றோட்டுல உடைஞ்சா முட்டிதான் உடையும்,” என்றான் அவன்.

ஆனால் நன்றாகத்தான் நடந்தது. திங்களும் புதனும் அவள் காலையிலேயே கரை கடந்து தில்லந்துறையில் நிற்பாள். நல்லரத்தினம் இரண்டு நடையாகத் தயிரைக் கொண்டு வருவான். ஒவ்வொரு நடைக்கும் முந்நூறு முட்டி. அதற்கு மேல் கதிர்காமத்தம்பி ஏற்றவிடமாட்டார். துறையிலிருந்து சந்திக்குப் பெட்டியை இழுத்துப் போய், ஜிப்ரியின் லொறியில் தட்டுத் தட்டாக அடுக்குவார்கள். மூன்று கிழமையில் ஏழு முட்டிதான் உடைந்தது. வீட்டுக்கு வீடு கையில் ஏதோ மிஞ்சியது. தனுஷாவின் வீட்டில் மண்சுவருக்குச் சீமெந்து பூசத் தொடங்கினார்கள். தனுஷா பக்கத்து வளவுப் பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய புருஷனும் கட்டாரில்தான்.

நாலாவது கிழமை ஜிப்ரி போன் எடுத்து, புதனுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான். சரி என்றாள். இரண்டு நாள் தயிர் கூடுதலாகச் சேர்ந்து, ஊரில் விற்றது போகவும் வழக்கத்துக்கு மேல் எழுபது எண்பது முட்டி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை முதல் நடையிலேயே அவள் தில்லந்துறைக்கு வந்துவிட்டாள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போன பாதை, வம்மியடியில் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. எட்டு மணி, ஒன்பது, பத்து. எதிர்க்கரையில் பாதை சின்னதாகக் கறுத்துத் தெரிந்தது, அசையவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. காற்று துளியும் இல்லை. பன்னிரண்டரைக்கு நல்லரத்தினம் போன் எடுத்தான்.

“எஞ்சின் சரி வந்திட்டு. பாதி ஏத்தியாச்சி. பாதைக்கார அண்ணன் ரெண்டு நடையாப் போகச் சொல்றார்.”

“ரெண்டு நடைக்கு நேரம் எங்க கிடக்கு? நீங்க வந்து, இறக்கி, திரும்பப் போய் ஏத்தி வரக்க ரெண்டரை ஆயிரும். லொறி ஒரு மணிக்கு. இண்டைக்கு ஏத்தாமப் போனானெண்டா இனி நம்மளத் திரும்பிப் பாக்கமாட்டான்.”

“தெக்கால இருட்டிட்டு வருது புள்ள.”

“ஒவ்வொரு நாளும்தானே இருட்டுது. பின்னேரம்தான் பெய்யும். எல்லாத்தையும் ஏத்துங்க. ஒரே நடையாக் கொண்டு வாங்க.”

மீதியையும் ஏற்றும்படி அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, “தனுஷாவும் வாறாள். கிளினிக்குக்கு,” என்றான். அதை ஏன் சொல்கிறான் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

“வரட்டுமே,” என்றாள்.

பாதை புறப்பட்டது. மஞ்சள் குடையொன்று அதில் தெரிந்தது, தனுஷாவின் குடை. அதற்குப் பின்னால் பெட்டி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றது. அவ்வளவு உயரத்தை அவள் இதுவரை கண்டதில்லை.  சந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். லொறியைக் காணவில்லை. வந்து போய்விட்டானோ என்று போனை எடுத்து நேரம் பார்த்தாள். மணி ஒன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

மறுபடி வாவியைப் பார்த்தபோது தெற்குக் கரையைக் காணவில்லை. அங்கே இருந்த தென்னைகள், கோயில் கூரை எல்லாம் போய், சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. அது நகர்ந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீரின் நிறம் அதற்கு முன்னாலேயே மாறியது. நீர்க்காகங்கள் தாழப் பறந்து கரைப் பற்றைகளுக்குள் விழுந்தன. பிறகுதான் காற்று வந்து அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தது.

பாதை நடு வாவியில் இருந்தது. அதன் முன்பக்கம் வடக்கே திரும்புவதை அவள் கண்டாள். திரும்பக் கூடாதே என்று நினைப்பதற்குள் போன் அடித்தது.

“கேதி, எஞ்சின் நிண்டுட்டு. விசிறியில ஆத்துவாழைச் செடி சுத்திட்டுது.” அவனுடைய குரலுக்குப் பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. “ஒரு பக்கமாச் சாயுது. பலகைக்கு மேலால தண்ணி வருது.”

“பெட்டி?”

“பெட்டிதான் சாய்க்குது.”

“தள்ளுங்க! பெட்டியோட தண்ணிக்குள்ள தள்ளுங்க!”

“பன்ரெண்டு வீட்டுச் சாமான் கேதி.”

“தள்ளுங்க எண்டு சொல்றன்!”

அவன் கேட்டானோ தெரியாது. போன் செத்திருந்தது. திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒரு சிங்களப் பெண் குரல், பிறகு தமிழ்க் குரல், தொடர்பு கொள்ள முடியாது என்று சொன்னது. மழை வந்து பாதையை மூடியது. அவளுக்கு முன்னால் பத்து முழத் தண்ணீர்தான் தெரிந்தது; அது கொதிப்பது போலத் துள்ளியது.

இந்த வாவியில் எங்கே ஆழம், எங்கே சேறு, எந்தப் பற்றையில் முதலை கிடக்கும் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று கிழமையாக இதைக் கடந்து போய் வந்தவள். தில்லந்துறையில் வள்ளங்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. மீன்காரர் இரண்டு பேர் ஓலை வாடிக்குள் ஒதுங்கி நின்றார்கள். ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டாள்.

“இந்தக் காத்துக்குள்ள இறக்கினா நாங்களும் போயிருவமக்கா. கொஞ்சம் தணியட்டும்.”

அப்போதுதான் லொறி வந்து நின்றது. ஜிப்ரி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி ஓடி வந்தான்.

“என்னக்கா? சாமான் எங்க?”

அவள் கையைக் காட்டினாள். காட்டிய இடத்தில் மழைதான் இருந்தது.

“யா அல்லாஹ். எத்தின பேரு?”

“தெரியல்ல. அவர், பாதைக்கார அண்ணன், ஒரு பிள்ளத்தாச்சி... எல்லாச் சாமானையும் ஒண்டா ஏத்திட்டாங்க. நான்தான் ஏத்தச் சொன்ன. நீங்க ஒரு மணிக்கு எண்டீங்களே தம்பி. போயிருவீங்க எண்டு...”

ஜிப்ரி அவளையே பார்த்தான். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை அக்கா. நான் ஜும்ஆத் தொழுகை முடிஞ்சிதான் வெளிக்கிட்ட. எப்பிடியும் ஒண்டரை ஆகும்தானே.” பிறகு மெல்லச் சொன்னான்: “ஒரு போன் எடுத்திருந்தா நான் மூணு மணி மட்டும் நிப்பனே. தண்ணியால வாற ஆக்கள உட்டுட்டுப் போற மனிசனா நான்?”

கேதீஸ்வரிக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததும் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று கிழமையில் எத்தனையோ தடவை அவனுக்குப் போன் எடுத்திருக்கிறாள். நிற்பீர்களா என்று ஒரு தடவை கேட்டதில்லை. கேட்டால் கூலியைக் கூட்டிவிடுவானோ என்று பயந்தாள்.

“எழும்புங்க. காத்து வடக்கால தள்ளும். கரையோட போய்ப் பாப்பம்,” என்றான் ஜிப்ரி. லொறியிலிருந்து கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மீன்காரரில் ஒருவனும் கூட வந்தான்.

கரையோரமாக வழி இல்லை. தில்லைப் பற்றைகளும் முட்டளவு சேறும்தான். அவள் விழுந்தாள், எழும்பினாள். தண்ணீரைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். பார்க்கவும் பயமாக இருந்தது. பார்க்காமலும் நடக்க முடியவில்லை. ஒரு வளைவில் வைக்கோல் மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் மரத் தட்டு ஒன்று. அதற்கும் பின்னால் மஞ்சள் குடை, கவிழ்ந்து, கம்பி ஒன்று முறிந்து, மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தது.

அவள் தண்ணீருக்குள் இறங்கிக் குடையை எட்டிப் பிடித்தாள்.

“காத்துக்குக் குடை பறக்கும்தானே அக்கா,” என்றான் ஜிப்ரி. “குடை வந்தா ஆள் போயிட்டெண்டு இல்ல.” ஆனால் அவனுடைய உதடுகள் எதையோ ஓதத் தொடங்கியிருந்தன.

மழை கொஞ்சம் மெலிந்தபோது ஓர் ஆண் குரல் கேட்டது. ஓய், ஓய் என்று நிற்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கதிர்காமத்தம்பியின் குரல். அடுத்த பற்றைக்கு அப்பால் பாதை கோணலாகச் செருகிக் கிடந்தது. அதில் பெட்டி இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வாத்தியார், இரண்டு பெண்கள். பலகையில் கதிர்காமத்தம்பியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனுஷா வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கேதீஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

“அவர் எங்க?”

கதிர்காமத்தம்பி பின்பக்கம் காட்டினார்.

நல்லரத்தினம் தண்ணீருக்குள் நின்றான். நெஞ்சளவுக்கு. தோணியின் விளிம்பில் இரண்டு கைகளையும் கொடுத்து, பாதையைப் பற்றைக்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் சாம்பல் மாதிரி இருந்தது. கைகளிலிருந்து இரத்தம் பலகையில் வழிந்து மழையில் கரைந்தது. “உட்டிருங்க மச்சான், கட்டியாச்சி,” என்று மீன்காரன் கயிற்றை முடிந்துவிட்டுச் சொன்னான். நல்லரத்தினம் விடவில்லை. ஜிப்ரியும் மீன்காரனும் இறங்கி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கரைக்கு வந்து உட்கார்ந்ததும் அவன் கேதீஸ்வரியைப் பார்த்து, “ஒண்டும் மிஞ்சல்ல புள்ள,” என்றான். அவள் அவனுடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

நடந்ததைக் கதிர்காமத்தம்பிதான் சொன்னார். பெட்டியை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. நல்லரத்தினம் மேலே ஏறி, தட்டுகளைக் கையால் இழுத்து இழுத்து எறிந்திருக்கிறான். உடைந்த முட்டி ஓடு கையைக் கிழித்திருக்கிறது. பாரம் குறைந்ததும் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். பெட்டி போனபோது அவனையும் இழுத்துக்கொண்டு போனது. கையை நீட்டினேன், தலைமயிரில்தான் பிடி கிடைத்தது என்றார் கதிர்காமத்தம்பி.

தனுஷாவுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியிருந்தது. ஜிப்ரி அவளைத் தூக்கிக்கொண்டு போய் லொறியின் முன் இருக்கையில் வைத்தான். ஒரு முட்டித் தயிரும் இல்லாமல் லொறி ஆசுப்பத்திரிக்கு ஓடியது. நல்லரத்தினம் பின்னால், வெறும் தளத்தில் படுத்திருந்தான். கேதீஸ்வரி தனுஷாவின் கையைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, அசையுதில்ல,” என்றாள் தனுஷா. “காலையில நல்லா உதைச்சிட்டு இருந்த. இப்ப அசையுதில்ல.”

கேதீஸ்வரி தன் கையை அவளுடைய வயிற்றில் வைத்தாள். ஜிப்ரி ஹோர்னை அமர்த்திய கையை எடுக்கவே இல்லை.

வார்டுக்கு வெளியே மூன்று மணித்தியாலம். இவர்களை இறக்கிவிட்டு ஜிப்ரி போயிருக்கலாம், போகவில்லை. பிளேன்ரீ வாங்கி வந்து கொடுத்தான்.  கடைசியில் ஒரு நேர்ஸ் மிஸ் வந்து, உள்ளே வரச் சொன்னாள். தனுஷாவின் வயிற்றில் ஒரு கருவியை வைத்திருந்தார்கள். குதிரை ஓடுவது போல ஒரு சத்தம் கேட்டது.

“பிள்ளைட நெஞ்சுதான். பயப்படாதீங்க, நல்லா இரிக்கி,” என்றாள் மிஸ்.

கேதீஸ்வரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்து அழுதாள். அன்று அவள் அழுதது அப்போதுதான்.

அடுத்த நாள் காலை பன்னிரண்டு வீட்டாரும் முற்றத்துக்கு வந்தார்கள். நல்லரத்தினம் கைகளில் வெள்ளைக் கட்டுகளோடு கதவுநிலையில் சாய்ந்திருந்தான்.

“ஒரே நடையாக் கொண்டு வரச் சொன்னது நான்,” என்றாள் அவள். “பாதைக்கார அண்ணன் வேணாம் எண்டவர். இவரும் வேணாம் எண்டவர். கேக்காதது நான்தான். என்ன பேசுறெண்டாலும் என்னைப் பேசுங்க.”

ஏசுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றாள்.  தனுஷாவின் மாமி மட்டும் எழும்பி வந்து அவளுடைய முகத்தைப் பார்த்தாள். “என்ட மகன் கட்டாரில இருந்து போனில அழுதான்,” என்றாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்விட்டாள். அதைவிட அவள் நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி கேட்டாள்: “திங்கக்கிழமை லொறி வருமா அக்கா?”

மாடு நேற்றும் கறந்தது, இன்றும் கறந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு பால் அடுப்பில் கிடந்தது. பழைய லொறிக்குப் போனால் இழந்ததை எடுக்க முடியாது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போனை எடுத்தாள். இலக்கத்தை அழுத்தக் கை வரவில்லை. நல்லரத்தினம் வந்து, கட்டுப் போட்ட கையால் போனை வாங்கினான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு பேசினான்.

“தம்பி, நான் நல்லரத்தினம். திங்கள் ரெண்டு நடையாத்தான் வருவம். மழை இருட்டுக் கண்டா ஒரு நடைதான். அதுவும் இல்லாமயும் போகும். நீங்க நிப்பீங்களா?”

அந்தப் பக்கம் ஜிப்ரி என்ன சொன்னானோ, இவன் “ஓம், ஓம்,” என்று தலையாட்டினான்.

திங்கட்கிழமை காலை வாவி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. இரவல் பெட்டியில் முந்நூறு முட்டி ஏறியது. நல்லரத்தினம் பாதையில் கால் வைக்கப் போனான். கேதீஸ்வரி அவனை மறித்தாள்.

“நீங்க நில்லுங்க. சாமானோட நான் போறன்.”

“உனக்கு நீந்தத் தெரியாதே.”

“உங்களுக்கு மட்டும் தெரியுமா?”

அவன் நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் அவனும் ஏறினான். இருவரும் பெட்டியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். எஞ்சின் பிடித்தது. வம்மியடித் துறை பின்னால் போகப் போக அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெயில் இருந்தது, காற்று இல்லை, தண்ணீர் அசையவில்லை. இருந்தும் அவள் தெற்குக் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நடு வாவிக்கு வந்ததும் கேட்டாள்:

“அண்ணன், இதில எவ்வளவு ஆழம்?”

கதிர்காமத்தம்பி திரும்பி அவளைப் பார்த்தார். “லொறிக் கூலியக் கேட்டாய். எண்ணெய்க் கணக்கக் கேட்டாய். எத்தின நிமிசம் எண்டும் கேட்டாய். இத இண்டைக்குத்தான் கேக்காய் புள்ள.”

அவர் எஞ்சினைத் தணித்தார். பலகையில் கிடந்த நீள மூங்கிலை எடுத்துப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. அவருடைய மணிக்கட்டு நனைந்தது, முழங்கை நனைந்தது. இன்னும் குனிந்தார். மூங்கிலின் நுனி எதிலும் தட்டவில்லை.

கேதீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்கு மேலால் கையை நீட்டினாள். நல்லரத்தினத்தின் கட்டுப் போட்ட கை வந்து அதைப் பிடித்தது.

“பாதைய எடுங்க அண்ணன்,” என்றாள். “மெல்லமா எடுங்க.”